பழைய சாப் 9-5 டர்போ வாங்கியாச்சு, முதலில் எதில் கை வைப்பது?

#1 புதுச்சாவி (புதன், இரவு 9.14)

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்தவன், இன்றைக்குத்தான் எழுதத் துணிந்தேன்.

போன வாரம் சாப் என்ற ஸ்வீடன் கம்பெனியின் 9-5 கார் ஒன்று வாங்கினேன். 2002 மாடல், 2.3 லிட்டர் டர்போ, ஆட்டோமேடிக், 1,68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நான் மூன்றாவது கை. சர்வீஸ் புத்தகத்தில் கடைசி முத்திரை 1,21,000-இல். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதற்கு, "எல்லாம் டைமுக்குப் பார்த்துட்டுத்தான் இருந்தேன்" என்ற விற்றவரின் வாய்வார்த்தைதான் சாட்சி. பாடி சுத்தம், சீட் கிழியவில்லை. சாவியை இரண்டு சீட்டுக்கும் நடுவில் போட்டுத் திருப்புவதே தனி சுகம்.

இந்த மாதம் செய்ய நினைப்பவை: பிளக் நான்கும் மாற்றுவது, ஏர் ஃபில்டர், ஹெட்லைட் பாலிஷ், அலாய் வீலுக்குப் பெயின்ட், கையில் மிச்சம் இருந்தால் ஸ்டேஜ் 1 ட்யூனிங் (எஞ்சின் கம்ப்யூட்டர் அமைப்பை மாற்றிச் சக்தி கூட்டுவது).

குறைகள் எல்லாம் சின்னதுதான். 3000 ஆர்பிஎம் தாண்டி அழுத்தினால் ஒரு தயக்கம், பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒன்றிரண்டு நொடி கரகரப்பு. நேற்று நெரிசலில் அரை மணி நேரம் நின்று நின்று வந்தபோது ஆயில் லாம்ப் ஒரு தடவை மினுக்கியது. ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் போய்விட்டது. டிப்ஸ்டிக்கில் ஆயில் முழு அளவு இருக்கிறது. விற்றவரிடம் கேட்டேன், சென்சார் என்றார்.

பட்டியல் சரியா? எதை முதலில், எதை அப்புறம்?

#2 கேரேஜ்பூனை (புதன், இரவு 9.31)

வாழ்த்துகள்! படம் இல்லாத பதிவை இங்கே யாரும் நம்ப மாட்டோம், முதலில் நாலு படம் போடுங்கள்.

பிளக் விஷயத்தில் மட்டும் கவனம். இந்த நாலு சிலிண்டர் எஞ்சினில் தனியாக நாக் சென்சார், அதாவது பெட்ரோல் தப்பாக வெடிப்பதைக் கவனிக்கும் கருவி, கிடையாது. பொறி விட்டு முடித்ததும் அதே பிளக் வழியாகச் சின்ன மின்னோட்டம் அனுப்பி, உள்ளே எரிந்த விதத்தை எஞ்சின் கம்ப்யூட்டர் படித்துக்கொள்ளும். அதனால் கையேட்டில் போட்டிருக்கிற பிளக்கைத் தவிர, மூன்று முனை நாலு முனை என்று எதையும் மாட்ட வேண்டாம். இடைவெளி 1.0 மி.மீ.

அலாய்க்கு அடர் சாம்பல் அடியுங்கள். அந்த பாடிக்கு அதுதான் எடுக்கும்.

#3 சம்ப்கழற்றி (புதன், இரவு 10.02)

தம்பி, உங்கள் பட்டியலை அப்படியே ஓரமாக வையுங்கள். போகிற போக்கில் கடைசியாக ஒன்று எழுதியிருக்கிறீர்களே, ஆயில் லாம்ப் மினுக்கியது என்று, இந்த இழையே அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும். அது என்னவென்று தெரியும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பக்கத்தில்தானே என்று கூட ஓட்ட வேண்டாம்.

டிப்ஸ்டிக் சொல்வது ஆயிலின் அளவை. லாம்ப் சொல்வது அழுத்தத்தை. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் சொட்டு வராத வீடு எத்தனை பார்த்திருப்பீர்கள்? அதுதான் இது. இன்னொன்று, இந்த லாம்ப் ரொம்ப நிதானமான ஆள். பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் அரை பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) பக்கத்தில் இறங்கிய பிறகுதான் அது வாயையே திறக்கும். அது எரிகிறது என்றால் எச்சரிக்கைக் கட்டம் ஏற்கெனவே தாண்டிவிட்டது.

டர்போ இல்லாத எஞ்சின் இதைக் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி, அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. உங்கள் வண்டியில் அதைத் தாங்குவது குண்டு பேரிங் இல்லை, ஒரு மெல்லிய ஆயில் படலம். அந்தப் படலம் போனால் ஒரு டிரிப்பே போதும்.

#4 நீலப்புகை (புதன், இரவு 10.20)

ஐயா, வந்தவரை முதல் நாளே மிரட்ட வேண்டுமா? என் பழைய வால்வோ வி70-இல் இதே கதை. சூடானதும் மினுக்கும். பிரஷர் சுவிட்சை மாற்றினேன், பத்து நிமிட வேலை, மூன்று வருடமாக நிம்மதி. எதற்கெடுத்தாலும் எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியை, அதான் சம்ப்பை, கழற்று என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். பெயருக்கு ஏற்ற வேலைதான்.

#5 சம்ப்கழற்றி (புதன், இரவு 10.47)

சுவிட்சாகவும் இருக்கலாம், நான் மறுக்கவில்லையே. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்ப்பது. எஞ்சின் நன்றாகச் சூடாகி ஐட்லிங்கில் நிற்கும்போது ஒரு எண், 2000 ஆர்பிஎம்மில் ஒரு எண். மனக்கணக்குக்கு, ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 0.7 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஜ் நல்ல எண் காட்டினால் புது சுவிட்ச் போட்டுவிட்டு நீலப்புகைக்கு ஒரு கும்பிடு போடலாம். கேஜ் பார்க்காமல் சுவிட்சை மட்டும் மாற்றுவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுவது மாதிரி.

நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் இருக்கிறது. 1998 முதல் 2003 வரையான 9-5 நாலு சிலிண்டர் எஞ்சின்களில் ஸ்லட்ஜ், அதாவது கெட்டுப்போன ஆயில் சேறு, சேர்வது ஊரறிந்த விஷயம். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் சம்ப்புக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது, ஆயில் அடியிலிருந்தே வேகிறது. எஞ்சின் வயிற்றுக் காற்றை வெளியேற்றும் பழைய பிசிவி அமைப்பும் பத்தவில்லை. 2004 மாடலில் அதைத் திருத்தினார்கள். பழைய வண்டிகளுக்கும் அதே திருத்தத்தை ஒரு கிட்டாகக் கொடுத்தார்கள், 6-ஆம் நம்பர் கிட் என்று சொல்வார்கள். இதோடு 20,000 கி.மீ. வரை ஆயில் மாற்றாத பழக்கத்தையும், தினமும் நாலு கிலோமீட்டர் ஓட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயில் தார் ஆகிறது, தார் கரித்துகள் ஆகிறது, கரித்துகள் போய் ஆயில் பம்ப் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையில் உட்கார்ந்துகொள்கிறது.

1,21,000-க்குப் பிறகு பதிவே இல்லாத வண்டி உங்களுடையது. சந்தேகத்தின் பலனை எஞ்சினுக்குக் கொடுங்கள்.

#6 புதுச்சாவி (வியாழன், காலை 7.05)

நன்றி அண்ணே. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இன்றைக்கு பஸ்ஸில் போகிறேன்.

ஒரு கேள்வி. சம்ப்பை இறக்குவது பெரிய வேலை என்று படித்தேன். எஞ்சின் ஃப்ளஷ் என்று டப்பாவில் வருகிறதே, அதை ஊற்றி ஓடவிட்டு ஆயிலை மாற்றினால் அழுக்கு எல்லாம் கரைந்து வந்துவிடாதா?

#7 ஐந்துவால்வு (வியாழன், காலை 8.40)

அந்த டப்பாவைத் தொடாதீர்கள். என் கதையைக் கேளுங்கள்.

என்னிடம் இருப்பது 1.8 டி எஞ்சின் ஃபோக்ஸ்வாகன் பஸ்ஸாட். சிலிண்டருக்கு ஐந்து வால்வு, அதனால்தான் இந்தப் பெயர். வாங்கிய புதிதில் ஒரு கேரேஜில் விட்டேன். ஆயில் ரொம்பக் கறுப்பு சார், ஒரு ஃப்ளஷ் போட்டுவிடலாம் என்றார்கள், நானும் தலையாட்டினேன். போட்டு முந்நூறு கிலோமீட்டர்கூட ஆகவில்லை, லாம்ப் எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் விசில் போல ஒரு சத்தம், பின்னால் வெள்ளைப் புகை. டர்போ போனது. சம்ப்பை இறக்கியபோது ஸ்ட்ரெய்னர் வலை முழுக்கப் பொருக்கு. ஃப்ளஷ் கரைத்தது பாதி. மீதியைச் சில்லுசில்லாகப் பெயர்த்து வலைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அந்தச் சில்லுகள் இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் இன்னும் ஒரு வருடம் சும்மா இருந்திருக்கும்.

சுத்தமாகப் பராமரித்த எஞ்சினில் ஃப்ளஷ் தேவையில்லை, அழுக்கான எஞ்சினில் அது ஆபத்து. அப்புறம் அதை யாருக்காக விற்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பொதுவாக ஒன்று. பழைய ஐரோப்பிய டர்போ எதை வாங்கினாலும் ஆயில் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கப் பழகுங்கள். முன்னால் போட்டிருக்கும் 5டபிள்யூ-40 என்பது பாகுநிலை மட்டும்தான். எந்தத் தயாரிப்பாளரின் தரத்துக்குத் தேறியது என்பது பின்னால்தான் இருக்கும். என் வண்டிக்கு விடபிள்யூ 502.00. அந்தத் தரம் இல்லாத ஆயில் எவ்வளவு தங்கமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

#8 நீலப்புகை (வியாழன், காலை 9.15)

சரி, கேஜ் மாட்டிப் பார்க்கலாம் என்பதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. பிசிவி சந்தேகம் என்றால் கேஜுக்கு முன்னாலேயே ஒரு எளிய சோதனை உண்டு. வால்வோ ஆட்கள் எல்லோரும் செய்வது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயில் ஒரு மெல்லிய ரப்பர் கையுறையை மாட்டி, ஐட்லிங்கில் விடுங்கள். கையுறை உள்ளே இழுபட்டால் நல்லது. பலூன் மாதிரி எழுந்து நின்றால் பிசிவி அடைத்துக்கொண்டிருக்கிறது, உள்ளே அழுத்தம் சேர்கிறது. அப்படியே விட்டால் பலவீனமான சீல் எதுவோ அதன் வழியாக ஆயில் கசியத் தொடங்கும்.

ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிட ஸ்டார்ட்டுக்கு சம்ப்கழற்றி அனுமதி கொடுப்பார் என்று நம்புகிறேன்.

#9 சம்ப்கழற்றி (வியாழன், காலை 9.22)

குளிர்ந்த எஞ்சினில், ஒரே ஒரு நிமிடம். கொடுத்தாச்சு.

#10 புதுச்சாவி (ஞாயிறு, மாலை 6.30)

கையுறை எழுந்து நின்று எனக்கு டாட்டா காட்டியது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தெரிந்த மெக்கானிக் ஒருவர் கேஜ் கொண்டுவந்தார். நின்ற இடத்திலேயே சூடாக்கினோம். குளிரில் நாலு பாருக்கு மேல் காட்டியது, நான்கூட சுவிட்ச்தான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். ரேடியேட்டர் ஃபேன் இரண்டாவது முறை சுற்றி நின்ற பிறகு ஐட்லிங்கில் 0.4. 2000 ஆர்பிஎம்மில் 1.5. மெக்கானிக் எதுவும் பேசவில்லை, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார்.

நேற்று சம்ப் இறங்கியது. முன்பக்க எக்ஸாஸ்ட் பைப்பைக் கழற்றாமல் அது வராது என்பதால் அதிலேயே பாதி நாள் போனது. துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தைய நாளே எண்ணெய் விட்டு வைத்திருந்தோம், அப்படியும் ஒன்று முறிந்தது.

உள்ளே பார்த்ததைச் சொல்கிறேன். சம்ப்பின் அடியில் விரல் நக அளவு கனத்தில் கறுப்புப் படிவு. விரலில் எடுத்தால் கண்மை மாதிரி ஒட்டிக்கொண்டது, துடைத்தாலும் போகவில்லை. ஸ்ட்ரெய்னரைக் கவிழ்த்துப் பார்த்தால் வலையில் மூன்றில் ஒரு பங்குதான் வெளிச்சம் தெரிந்தது. மீதி முழுக்கக் கரித்துகள். அதற்கு நடுவில் ஆரஞ்சு நிறத்தில் நூல் நூலாக ஏதோ சிக்கியிருந்தது. ரப்பர் மாதிரி இழுபட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு, இதற்கு முன்னாலும் யாரோ சம்ப்பைக் கழற்றி, சீலன்ட் பசையை அப்பி மூடியிருக்கிறார்கள் என்றார். ஓரத்தில் பிதுங்கியது உள்ளே விழுந்து, நேராக வலைக்கு வந்திருக்கிறது. எந்தக் கேரேஜ் என்று யாருக்குத் தெரியும். புத்தகத்தில் முத்திரை இல்லை.

உலோகப் பொடி இருக்கிறதா என்று படிவை வெள்ளைத் துணியில் தேய்த்து வெயிலில் பார்த்தோம். மினுமினுப்பு இல்லை. காந்தத்தையும் ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் ஒட்டவில்லை.

#11 சம்ப்கழற்றி (ஞாயிறு, மாலை 7.10)

மினுமினுப்பு இல்லையா? அப்படியென்றால் பிழைத்தீர்கள். பேரிங் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மூடும்போது அவசரம் வேண்டாம். ஸ்ட்ரெய்னர் குழாயில் ஒரு ஓ-ரிங் இருக்கும், பழையது கல் மாதிரி இறுகியிருக்கும், அதைக் கட்டாயம் மாற்றுங்கள். அது சரியாக உட்காராவிட்டால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும், இவ்வளவு செய்ததும் வீண். ஸ்ட்ரெய்னரையே புதிதாகப் போட முடிந்தால் இன்னும் நல்லது. நிறுவனம் 2011 டிசம்பரிலேயே திவாலாகிவிட்டாலும், ஸ்வீடனில் முன்பு ஓரியோ என்ற பெயரில் இருந்த நிறுவனம் உதிரி பாகங்களைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

சீலன்ட்டை மெல்லிய ஒரே கோடாக, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாக இழுங்கள். முன்னால் செய்தவர் விட்ட தவறைத்தான் கண்ணால் பார்த்துவிட்டீர்களே. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காயவிட்ட பிறகே ஆயில் ஊற்றுங்கள்.

அப்புறம் முக்கியமானது. மூடியதும் நேராக ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஃப்யூவல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, மேலே இருக்கும் இக்னிஷன் கேசட்டின் (பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் பெட்டி) வயரையும் பிடுங்கிவிட்டு, பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். நடுவில் ஸ்டார்ட்டர் ஆற இடைவெளி கொடுங்கள். கேஜ் ஊசி எழும்வரை இப்படித்தான். டர்போவுக்கு முதலில் ஆயில் போய்ச் சேரட்டும், தீ அப்புறம்.

ஜாக்கை மட்டும் நம்பி யாரும் கீழே போகாதீர்கள். ஸ்டாண்ட் இருக்கிறதுதானே?

#12 புதுச்சாவி (ஞாயிறு, மாலை 7.18)

நாலு ஸ்டாண்ட், போதாததற்கு கழற்றிய வீல்களையும் அடியில் தள்ளியிருக்கிறோம். பிசிவி கிட் சொல்லியாச்சு.

#13 நிதானம் (ஞாயிறு, இரவு 8.55)

வணக்கம். இழையை முதலிலிருந்து படித்தேன். நான் 1980களிலிருந்து டர்போ வண்டி ஓட்டுகிறவன், அதனால் ஓட்டும் பழக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை.

நாங்கள் ஓட்டிய முதல் வண்டிகளில் டர்போவின் நடுப்பகுதிக்குத் தண்ணீர்ச் சுற்று கிடையாது. வேகமாக வந்து உடனே அணைத்தால், செந்தணலாக இருக்கும் டர்பைனின் சூடு நடுவில் தேங்கிய ஆயிலை வறுத்துக் கரியாக்கிவிடும். அதனால் இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடு என்று சொல்லிக்கொடுத்தார்கள், சிலர் அதற்கென்றே டைமர் கருவி மாட்டினார்கள். உங்கள் 9-5-இல் தண்ணீர் சுற்றுகிறது. எஞ்சினை அணைத்த பிறகும் சூட்டினால் அது தானாகவே மெதுவாக நகரும். அதனால் தினசரி ஓட்டத்துக்கு டைமர் எதுவும் வேண்டாம். வீட்டுக்கு வரும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை அழுத்தாமல் ஓட்டுங்கள், அதுவே ஆற்றிவிடும். நெடுஞ்சாலையில் மூச்சு முட்ட ஓட்டிவிட்டு நேராக நிறுத்துமிடத்தில் திரும்பினால் மட்டும் ஒரு நிமிடம் பொறுங்கள்.

காலையில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்தால் எஞ்சின் தயார் என்று நினைக்கிறார்கள். ஆயில் சூடாக அதற்கு மேலும் ஐந்து பத்து நிமிடம் ஆகும். அதுவரை பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) வராமல் ஓட்டப் பழகுங்கள்.

#14 கேரேஜ்பூனை (ஞாயிறு, இரவு 9.20)

அலாய் கலர் சொன்ன எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. முதல் பதிவை மறுபடி படித்தேன், அந்த லாம்ப் வரியைக் கண் அப்படியே தாண்டிப் போயிருக்கிறது.

சரி, இதையாவது உருப்படியாகச் சொல்கிறேன். தயக்கம் என்று எழுதியிருந்தீர்கள். ஏர் இன்டேக் பைப்பைக் கழற்றி டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கும், அது இயல்பு. முன்னும் பின்னும் உணரும்படி ஆட்டம் இருக்கக் கூடாது. இறக்கை விளிம்பு சுவரில் உரசிய கோடு தெரிகிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். பைப்பில் மெல்லிசாக ஆயில் ஈரம் இருந்தால் பயப்பட வேண்டாம், தேங்கி நின்றால்தான் கவலை.

தண்டு நன்றாக இருந்தால் குற்றவாளி அநேகமாக ஏதோ ஒரு ரப்பர் ஹோஸ்.

#15 ஐந்துவால்வு (ஞாயிறு, இரவு 9.41)

ஹோஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. வேக்கும் ஹோஸ்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள், ஆனால் ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுங்கள். மொத்தமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு எது எங்கே என்று நான் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

#16 புதுச்சாவி (அடுத்த சனி, மதியம் 2.12)

ஸ்டார்ட் ஆகிவிட்டது!

மூன்று தடவை சுற்றியதும் ஊசி எழுந்தது. அப்புறம்தான் ஃப்யூஸைப் போட்டோம். நன்றாகச் சூடாக்கிப் பார்த்தபோது ஐட்லிங்கில் 1.2 பார், 2000-இல் 3.1. காலைக் கரகரப்பு குறைந்திருக்கிறது, ஒரு நொடிகூட இல்லை. பிசிவி கிட் போட்ட பிறகு அதே கையுறையை மாட்டினேன், இந்த முறை உள்ளே போய் ஒட்டிக்கொண்டது.

தயக்கத்துக்கும் காரணம் கிடைத்தது. பிளக்கைக் கழற்றினால் நாலும் உலர்ந்த கரி பூசிக் கறுப்பு. இடைவெளி 1.4 மி.மீ. வரை விரிந்திருந்தது. பட்டியலில் எழுதியபடி பிளக்கை மட்டும் மாற்றியிருந்தால் இரண்டு வாரத்தில் புதுசும் கறுத்திருக்கும், ஏனென்றால் கோளாறு வேறிடத்தில். இன்டேக் வாயை அடைத்து, காற்றை 0.7 பார் அளவுக்கு ஏற்றி, மூட்டுகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். த்ராட்டில் பக்கத்து ஹோஸில் நுரை பொங்கிக்கொண்டு வந்தது. எந்த வண்டிக்கோ செய்த அகலமான கிளிப்பை அதில் மாட்டியிருக்கிறார்கள், அது ஹோஸைக் கவ்வவே இல்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மிஞ்சும் டர்போ காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வையும் சோதித்தோம். உள்ளே அழுத்திப் பிடித்து, மேல் முனையை விரலால் அடைத்தால் வால்வு அப்படியே நிற்க வேண்டும். இது உடனே திரும்பி வந்தது. உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது.

#17 சம்ப்கழற்றி (சனி, மதியம் 3.05)

கரி பூசியதற்குக் காரணம் இதுதான். உள்ளே வந்த காற்றை சென்சார் அளந்துவிடுகிறது, அதற்கேற்ற பெட்ரோலும் போகிறது. நடுவழியில் காற்று மட்டும் கிளிப் வழியாக வெளியே ஓடிவிடுகிறது. மிஞ்சுவது பெட்ரோல். கரியாகாமல் என்ன செய்யும்?

ஆயில் விஷயம். இப்போது ஊற்றியதை 1,500 கி.மீ.யில் வடித்துவிடுங்கள். ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்துப் பாருங்கள். அதற்கடுத்தது 3,000-இல். மிச்ச அழுக்கை ஆயிலே மெதுவாகக் கழுவட்டும், அவசரப்படுத்த வேண்டாம். அப்புறம் 8,000-க்கு ஒரு முறை. கையேட்டில் என்ன எண் போட்டிருந்தாலும் சரி.

#18 நீலப்புகை (சனி, மாலை 4.30)

என் சுவிட்ச் வாதம் தோற்றது, ஒப்புக்கொள்கிறேன். மூன்று வருட நிம்மதி என்று பெருமையாக எழுதினேன் பாருங்கள், நேற்று நானும் என் வண்டியில் கேஜ் மாட்டிப் பார்த்தேன். நல்ல எண்தான் காட்டியது. ஆனாலும் பார்க்கும்வரை வயிறு கலங்கியது.

கியர்பாக்ஸுக்கு ஒரு எச்சரிக்கை. 1,68,000 ஓடிய ஆட்டோமேடிக்கில் ஆயிலைத் தொடாதீர்கள். பழைய ஆயிலில் கலந்திருக்கும் தேய்மானம்தான் கிளட்ச்சுகளுக்குப் பிடிப்பு. மாற்றினால் வழுக்கும்.

#19 ஐந்துவால்வு (சனி, மாலை 5.02)

இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மாற்றியதால் கெட்டது என்று சொல்லப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவை, வழுக்க ஆரம்பித்த பிறகு கடைசி நம்பிக்கையாக மாற்றியவை. அப்போது எதைச் செய்தாலும் கெடத்தான் செய்யும்.

கியர் மாறும்போது இடி இல்லை, வழுக்கல் இல்லை என்றால் மெதுவாக மாற்றலாம். 2002-இல் வந்த ஐந்து கியர் பெட்டி ஐசின் தயாரிப்பு, வால்வோவிலும் அதே குடும்பம்தான். ஜேடபிள்யூஎஸ் 3309 தரமுள்ள ஆயில் மட்டும் ஊற்றுங்கள், எல்லாவற்றுக்கும் பொது என்று விற்பதை அல்ல. அடி நட்டைத் திறந்தால் மொத்தத்தில் பாதிகூட வராது, மூன்று லிட்டர் சொச்சம்தான். வந்த அளவையே ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி. மூன்று முறை. மெஷின் வைத்து அழுத்தித் தள்ளும் முறை மட்டும் வேண்டாம், அதில் நான் நீலப்புகை பக்கம்.

#20 நீலப்புகை (சனி, மாலை 5.10)

நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தம்பி, உங்கள் பெட்டி, உங்கள் பாடு.

#21 நிதானம் (சனி, இரவு 8.15)

கியர்பாக்ஸ் சண்டை எந்தக் காலத்திலும் தீராது, விடுங்கள்.

சுவாரசியமே இல்லாத சிலவற்றையும் இந்த மாதத்திலேயே முடித்துவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். டாட் 4 தரம் ஊற்றுங்கள். கூலன்ட்டில் நிறத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள், இரண்டு வகை கலந்தால் சில நேரம் கூழாகிவிடும். முழுதாக வடித்து, கழுவி, கையேட்டிலுள்ள வகையை ஊற்றுங்கள். டயரின் ஓரத்தில் டாட் எனத் தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-வது வாரம். எவ்வளவு தேயாமல் இருந்தாலும் அந்த வயது டயர் வேண்டாம்.

உங்கள் எஞ்சினில் வால்வுகளை ஓட்டுவது டைமிங் செயின், அந்த வகையில் நிம்மதி. இதே 9-5-இன் மூன்று லிட்டர் வி6 வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுடையது பெல்ட், பதிவு இல்லையென்றால் முதல் வேலை அதுதான்.

(அந்த வி6-இல் ஒரு வேடிக்கை, ஒரு பக்கத்து மூன்று சிலிண்டரின் புகை மட்டும்தான் டர்போவைச் சுற்றும், காற்று மட்டும் ஆறுக்கும் போகும். அப்படி யோசித்த கம்பெனி இப்போது இல்லை.)

#22 கேரேஜ்பூனை (சனி, இரவு 8.40)

எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். சூடானதும் வண்டி திடீரென்று அணைந்து, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும் வியாதி இந்த வண்டிக்கு உண்டு. காரணம் பெரும்பாலும் அதுதான்.

#23 புதுச்சாவி (ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11.20)

1,500 கி.மீ. முடிந்தது. ஆயில் வடித்தேன், ஐந்து வாரத்தில் இரண்டு வருட ஆயில் மாதிரி கறுத்துவிட்டது. ஃபில்டரை அறுத்து விரித்தேன். மடிப்புகளில் கரித்துகள் இருக்கிறது, உலோகம் இல்லை. ஆரஞ்சு நூல் ஒன்றே ஒன்று கிடைத்தது.

புது ஹோஸ், சரியான கிளிப், புது பைபாஸ் வால்வு, பிளக். 3000-க்கு மேல் இப்போது எந்தத் தயக்கமும் இல்லை. முதல் முறை முழு பூஸ்ட் வந்தபோது பக்கத்தில் இருந்தவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கூலன்ட், பிரேக் ஆயில் முடிந்தது. டயர் நாலில் இரண்டு 2011, அவை போயின. கியர் ஆயில் ஒரு சுற்று மாற்றியிருக்கிறேன், இதுவரை வழுக்கவில்லை, நீலப்புகை அண்ணன் கோபிக்க வேண்டாம். ட்யூனிங் எண்ணம் அப்படியே இருக்கிறது, 3,000 கி.மீ. ஃபில்டரையும் அறுத்துப் பார்த்த பிறகு பேசலாம்.

கேஜை இன்னும் கழற்றவில்லை. வயரும் குழாயுமாக டேஷ்போர்டுக்குக் கீழே தொங்குகிறது, பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. நேற்று அதே நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். ஐட்லிங்கில் 1.1.

#24 சம்ப்கழற்றி (ஞாயிறு, காலை 11.48)

குழாய் எக்ஸாஸ்ட் பக்கம் உரசாமல் கட்டியிருக்கிறீர்களா என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள்.

#25 புதுச்சாவி (ஞாயிறு, மதியம் 12.10)

உரசுகிறது. கட்டப் போகிறேன்.